ஓராண்டு மேயர்



வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுமே நகராட்சி, இரண்டிலும் சேர்மன்தான். மேயரைப் பார்க்க வேண்டுமென்றால் சிவகாசிக்குப் போக வேண்டும். அதுவும் 2021இல்தான் மாநகராட்சி ஆனது. வார்டில் ஜெயித்து வந்த கவுன்சிலர்கள் கூடித் தங்களில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கி கிடைக்கும், கழுத்தில் சங்கிலி கிடைக்கும். உத்தரவில் விழும் கையெழுத்து மட்டும் பெரும்பாலும் கமிஷனருடையது. மேயரால் என்னதான் செய்ய முடியும் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அவர்களுக்காக ஒருவரைப் பற்றி இன்று பேசலாம். தீரர் சத்தியமூர்த்தி.

1887இல் புதுக்கோட்டைச் சீமையில் திருமயத்தில் பிறந்தவர். சென்னையில் படித்து வக்கீலானார். வக்கீல் தொழிலை விட மேடைதான் அவருக்குப் பிடித்த இடம். இங்கிலீஷிலும் தமிழிலும் பேச்சில் அவரை மடக்க ஆள் இல்லை. சட்டசபையில் அவர் கேள்வி கேட்க எழுந்தாலே அதிகாரிகள் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்களாம். நாடகப் பைத்தியம் வேறு; தாமே வேஷம் கட்டியவர். நாடகக்காரர்களைச் சமூகம் ஏளனமாகப் பார்த்த காலத்தில், அவர்களைக் காங்கிரஸ் மேடையில் ஏற்றிப் பாட வைத்தார்.

எல்லாவற்றிலும் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியபோது எதிர்த்து நின்றவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். அத்தனை முற்போக்கான மனிதர் அந்த இடத்தில் பழமையின் பக்கம் சாய்ந்தார். அதையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

1937இல் காங்கிரஸ் மந்திரிசபை அமைத்தது. ராஜாஜி தேர்தலில் நிற்பதற்காகத் தம் பல்கலைக்கழகத் தொகுதியையே விட்டுக்கொடுத்தவர் சத்தியமூர்த்தி. ராஜாஜி பிரதமரானார். அந்தக் காலத்தில் மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் அழைத்தார்கள். விட்டுக்கொடுத்தவருக்கு மந்திரி பதவிகூடக் கிடைக்கவில்லை. 1939இல் உலகப் போர் மூண்டது, காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சென்னை மாநகராட்சி உறுப்பினர்கள் சத்தியமூர்த்தியை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக் காலம் ஒரே ஒரு வருஷம்.

சென்னை அப்போது தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. செங்குன்றம் ஏரியும் சோழவரம் ஏரியும்தான் நகரத்துக்குக் கதி. கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டி, அங்கிருந்து கால்வாய் வெட்டி அந்த ஏரிகளை நிரப்பிவந்தார்கள். இதில் ஒரு சிக்கல். அந்த ஆற்றில் தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்கள்தான். வருகிற வெள்ளத்தில் கால்வாய் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் ஏரிக்குப் போகும். மிச்சமெல்லாம் எண்ணூரில் கடலோடு கலந்துவிடும். அப்படியானால் மேலேயே, வெள்ளம் வருகிற வழியிலேயே தேக்கி வைத்து, பிறகு வேண்டும்போது திறந்துவிட வேண்டும். ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலையில் பெய்கிற மழையை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் பிடித்து வைத்துத்தானே நாம் குடிக்கிறோம்.

இடம் பூண்டி என்று முடிவானது. சென்னைக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் போர்க்காலம். வெள்ளைக்கார அரசாங்கம் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிக்கொண்டிருந்தது. பணம் கேட்கிற மேயரோ அந்த அரசாங்கத்தைச் சட்டசபையில் நாளும் வறுத்தெடுத்தவர். கட்சிக்காரர்களுக்கும் சங்கடம்: கவர்னருடன் ஒத்துழைக்காதே என்பது காங்கிரஸின் நிலை. சத்தியமூர்த்தி இரண்டு பக்கமும் பேசினார். அனுமதி வாங்கினார். பதவிக் காலம் முடியுமுன்னே, 1940இல், பூண்டியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. கவர்னர் சர் ஆர்தர் ஹோப் வந்து நாட்டினார். கதர் கட்டிய மேயர் பக்கத்தில் நின்றார். வெள்ளைக்காரன் கையால் அடிக்கல்லா என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். தண்ணீருக்கு அந்த பேதம் தெரியாது என்பது மேயரின் கணக்கு.

இங்கே நம் மாவட்டமும் கதைக்குள் வருகிறது. 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். விருதுநகர் காமராஜர் அவருக்குச் செயலாளர். 1940இல், சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோதே, கட்சித் தலைவர் தேர்தல் வந்தது. ராஜாஜி தரப்பின் சி.பி. சுப்பையாவை 3 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்துக் காமராஜர் தலைவரானார். செயலாளர் யார் தெரியுமா? சத்தியமூர்த்தி! சீடனுக்குக் கீழே வேலை பார்க்கக் குரு கூச்சப்படவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், தனிநபர் சத்தியாக்கிரகம் செய்யப் போகிறவர்களின் பட்டியலோடு காந்தியைப் பார்க்க வார்தா போகிற வழியில் குண்டூரில் காமராஜரைக் கைது செய்தார்கள். அவர் வேலூர் சிறையில் இருக்கும்போது, 1941இல், விருதுநகர் நகராட்சி உறுப்பினர்கள் அவரையே சேர்மனாகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர் நகராட்சிக்குப் போனார், உடனே ராஜினாமா செய்தார். முழுசாகக் கவனிக்க முடியாத பதவியில் நான் உட்காரக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இதைக் கேட்டு மெய்சிலிர்ப்பது சுலபம். ஆசையாகத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றும்.

நம் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜாவும் ஊர்ப் பஞ்சாயத்தில் தொடங்கியவர்தான். 1949இல் மாகாணத்துக்கே பிரதமரானார். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

சத்தியமூர்த்திக்கு வருவோம். 1942 ஆகஸ்டில் பம்பாய் காங்கிரஸ் கூட்டம் முடிந்து திரும்பும்போது கைதானார். அதே கூட்டத்திலிருந்து வந்த காமராஜர் அரக்கோணத்தில் இறங்கிப் போலீஸுக்குத் தண்ணி காட்டிவிட்டார். சத்தியமூர்த்தியை நாக்பூர் பக்கம் அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். பயணத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. அந்த உடம்பு பிறகு தேறவேயில்லை. 1943 மார்ச் 28 அன்று சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 55.

பூண்டி திறக்கப்பட்டது 1944 ஜூனில். 65 லட்சம் ரூபாய்ச் செலவு. 257 கோடி கன அடிக்கும் மேல் கொள்ளளவு. அடிக்கல் போட அலைந்த மனிதர் அதில் ஒரு செம்பு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள்.

கதை அத்தோடு நிற்கவில்லை. நகரம் பெருத்தது, கொசஸ்தலை போதவில்லை. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் கிருஷ்ணா நீருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆந்திராவில் கண்டலேறிலிருந்து கால்வாய் வெட்டி, 1996இல் அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் வந்தது. வந்து சேர்ந்த இடம் பூண்டி. ஒரு வருஷ மேயர் பிடிவாதம் பிடித்து வாங்கிய ஏரி அங்கே இல்லாதிருந்தால், அவ்வளவு தூரம் வந்த கிருஷ்ணாவைத் தேக்கி வைக்க முதலில் ஒரு ஏரி வெட்ட வேண்டியிருந்திருக்கும்.