இடக்கையும் கடற்காற்றும்



புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் காற்றுக்குப் பெயர் பெற்றது. தெற்கே மாரவிலவும் சிலாபமும் தொடங்கி, உடப்பைக் கடந்து, வடக்கே கற்பிட்டித் தீபகற்பம் வரை நீண்டு கிடக்கும் அம்மணற்கரையில், வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று ஓயாது வீசும். மார்கழி பிறந்தாலோ காற்றுத் திசைமாறி வடக்கிலிருந்து வாடையாக வரும். பாய்மரத் தோணிகள் முன்னாளில் இக்காற்றை நம்பியே ஓடின. இன்று அதே காற்றிலே காற்றாலைகள் சுழல்கின்றன. பட்டத்தின் இழுவிசையால் நீர்மேற் சறுக்கும் விளையாட்டை நாடி அயல்நாட்டார் கற்பிட்டிக்கு வருகின்றனர்.

காற்றும் மணலும் கூடிய இத்தகைய கரையொன்றிலேதான் கோல்ப் விளையாட்டும் வளர்ந்தது. கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட, பயிருக்கு உதவாத மணல் நிலத்தை ஸ்கொத்லாந்து மக்கள் 'லிங்க்ஸ்' என்றனர். அந்நிலமே அவர்களுக்கு ஆடுகளமாயிற்று. இலங்கையில் 1879ஆம் ஆண்டில் கொழும்பில் கோல்ப் கழகம் தோன்றியது. களனிவெளிப் புகையிரதப் பாதை அதன் ஆடுகளத்தை ஊடறுத்துச் செல்வதைப் பயணிகள் இன்றும் காணலாம். பின்னர் நுவரெலியாவின் குளிரிலும், கண்டிக்கு அண்மையில் திகனையிலும், அம்பாந்தோட்டைக் கரையிலும் ஆடுகளங்கள் அமைந்தன.

மாந்தருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர். ஆயினும் உலகத்துக் கருவிகள் பெரும்பாலும் வலக்கைக்கென்றே செய்யப்படுகின்றன. நம் இல்லங்களிலோ வலக்கைக்குச் 'சோற்றுக்கை' என்று பெயரிட்டு, இடக்கையால் எழுதும் பிள்ளையைக் கண்டித்துத் திருத்துவதும் நெடுநாள் வழக்கம். கருவி கைக்குப் பொருந்தாதபோது கையையே குறை கூறும் இம்மனப்பாங்கு, கோல்ப் ஆட்டத்திலும் தலைகாட்டுகின்றது.

ஆட்டத்தின் முதலடியைத் தொலைதூரம் செலுத்தும் மட்டைக்கு 'டிரைவர்' என்று பெயர். பழைய நாளில் அதன் தலை மரத்தாலானது; தலையும் தண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை. இக்காலத்து டிரைவரின் தலை உட்பொள்ளலான உலோகத்தாலோ கலவைப் பொருளாலோ ஆனது. அதன் கொள்ளளவு 460 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது விதி. தண்டின் நுனியில் ஒரு சிறு குழல் உண்டு. அக்குழல் சற்றே சரிவாகத் துளையிடப்பட்டிருப்பதால், திருகாணியைத் தளர்த்திக் குழலைத் திருப்பிப் பொருத்தினால், தலை தண்டோடு சேரும் கோணம் மாறுகின்றது. இவ்வாறான அமைப்புக்களை விதிகள் 2008ஆம் ஆண்டு முதல் அனுமதித்தன.

குழலைத் திருப்புவதால் நிகழ்வது யாது? மட்டையின் முகப்பு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவைச் சாய்கோணம் எனலாம். அதனை ஒன்றரைப் பாகை அளவு கூட்டவோ குறைக்கவோ இயலும். ஆனால் இது தனித்து நிகழ்வதன்று. சாய்கோணத்தைக் கூட்டினால், மட்டையைத் தரையில் வைக்கும்போது முகப்பு ஆடுபவர் பக்கமாகச் சிறிது மூடிக்கொள்ளும். குறைத்தால் அவருக்கு அப்பால் திறந்து நிற்கும். மூடிய முகப்பு வலக்கையருக்குப் பந்தை இடப்புறம் செலுத்தும். இடக்கையருக்கோ வலப்புறம் செலுத்தும். கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் எல்லாம் இடம்மாறும்.

இடர் பிறப்பது இங்கேதான். கடையிற் கிடைக்கும் விளக்கத் தாள்களும், நண்பர்கள் கூறும் அறிவுரைகளும் பெரும்பாலும் வலக்கையருக்கு உரியவை. 'பந்து வலப்புறம் வளைகிறதா? முகப்பை மூடு' என்னும் அறிவுரையை இடக்கையர் அப்படியே பின்பற்றினால், பந்து இன்னும் மிகுதியாக வலப்புறமே செல்லும். சில வகை மட்டைகளில் ஒரே குழல் இருசாராருக்கும் பயன்படும். குழலின் அதே எழுத்தும் எண்ணும் இடக்கைத் தலையிற் பொருத்தும்போது வேறு விளைவைத் தரும். ஆகவே அந்நிறுவனம் இடக்கையருக்கென வெளியிட்ட அட்டவணையைத் தேடிப் பார்த்தே திருகாணியைத் தொடவேண்டும். அதைப் பாராது அடித்து, பந்து நெறிதவறக் கண்டு, 'என் கை ஆட்டத்துக்கு ஆகாது' என்று மட்டையை மூலையிற் போடுவது பெரும் இழப்பாகும். பிழை அட்டவணையிலேயன்றிக் கையில் இல்லை.

இனி, புத்தளக் கரையை ஒத்த ஓர் ஆடுகளத்தை மனக்கண்முன் கொண்டுவருக. ஆடுபவர் வடக்கு நோக்கிப் பந்தை அடிக்கிறார்; மேற்கே கடல், கிழக்கே தென்னந்தோப்பு. வலக்கையர் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார். இடக்கையரோ கடலை நோக்கியே நிற்பார். தென்மேற்குக் காற்று பந்தை வலப்புறமாகத் தோப்பை நோக்கித் தள்ளும். பழகாதவரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை, திறந்த முகப்பால் வரும் 'ஸ்லைஸ்' எனும் வளைவு. அது இடக்கையருக்கு இடப்புறம் செல்வதால், வடக்கு நோக்கி அடிக்கையில் காற்று அதனைத் தடுத்து ஓரளவு நேராக்கிவிடும். 'குறை தீர்ந்தது' என்று அவர் மகிழலாம். ஆனால் திரும்பித் தெற்கு நோக்கி அடிக்கும்போது அதே காற்று வலப்பக்கத்து முன்புறமிருந்து வந்து, வளைவை இருமடங்காக்கிப் பந்தைத் தோப்பினுள் சேர்த்துவிடும். ஒரு திசையில் மட்டும் அடித்துப் பார்த்து மட்டையை அமைப்பது தவறென்பது இதனாற் புலனாகும்.

எதிர்க்காற்றில், பந்தின் பின்சுழற்சி மிகுந்தால் அது மேலெழுந்து நின்று வலுவிழந்து விழும். சாய்கோணத்தைக் குறைத்தால் பந்து தாழப் பறக்கும், சுழற்சியும் குறையும். ஆனால் முகப்புத் திறப்பதால் ஸ்லைஸ் குறையுடையவருக்கு அக்குறை மிகும். அத்தகையோர் குழலை விடுத்து, தலையிலுள்ள நகர்த்தக்கூடிய எடையைத் தண்டை ஒட்டிய குதிப்புறம் நகர்த்துவது நன்று. அவ்வாறு செய்தால் முகப்பு விரைந்து மூடி வளைவு தணியும். குதி, நுனி என்னும் இச்சொற்கள் இருகையாருக்கும் பொது. இடம், வலம் என்னும் சொற்களே ஏமாற்றுவன.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியபின் பத்துப் பந்துகளேனும் இருதிசையிலும் அடித்துப் பயனைக் குறித்துக்கொள்க. உப்புக் காற்றும் மணலும் உள்ள இடத்தில் திருகாணியின் புரியைத் துடைத்த பின்னரே முடுக்குக. அதற்கெனத் தரப்பட்ட சாவி 'டிக்' என ஒலிக்கும் வரை முடுக்குக. ஆட்டம் தொடங்கியபின் அமைப்பை மாற்றி அம்மட்டையால் அடித்தால், போட்டியிலிருந்தே நீக்கப்படுவர் என்பதையும் நினைவிற் கொள்க.

நியூசிலாந்தின் பொப் சார்ள்ஸ் 1963ஆம் ஆண்டில் பிரித்தானிய ஓப்பன் பட்டத்தை வென்றார். பெரும் பட்டமொன்றை வென்ற முதல் இடக்கை ஆட்டக்காரர் அவரே. அடுத்தவர் தோன்ற நாற்பது ஆண்டுகள் சென்றன. 2003இல் கனடாவின் மைக் வெயர் மாஸ்ரர்ஸ் பட்டம் பெற்றார். 2023இல் அமெரிக்கரான பிரையன் ஹார்மன், இங்கிலாந்தின் ஹொய்லேக் கடற்கரையில் மீண்டும் ஓப்பன் பட்டத்தை இடக்கையருக்கு ஈட்டித் தந்தார். இவர்களுள் சார்ள்ஸ் போன்றோர் ஏனைய வேலைகளை வலக்கையாற் செய்பவர்கள் என்பது வியப்புக்குரியது. எந்தப் பக்கம் நின்று அடிப்பது என்பது குறையுமன்று, விதியுமன்று; உடல் தேர்ந்துகொள்ளும் வழி.

கையைத் திருத்த முற்படுமுன் கருவியைத் திருத்திப் பார்ப்பது அறிவுடைமை. இது ஆடுகளத்துக்கு மட்டுமன்றி, இடக்கையாற் பென்சில் பிடிக்கும் பிள்ளையுள்ள ஒவ்வோர் இல்லத்துக்கும் பொருந்தும்.