மூளை நரம்பின் உறையும் முதல் இரண்டு ஆண்டுகளும்

மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பது போல் மூளையின் நரம்பிழைகளுக்கும் ஓர் உறை உண்டு. மையலின் எனப்படும் இவ்வுறையே நரம்பில் செய்தி விரைந்து செல்லத் துணைபுரிகிறது. நீரை நீக்கிப் பார்த்தால் இதன் எடையில் ஏறத்தாழ 70 சதவீதமும் அதற்கு மேலும் கொழுப்புப் பொருள்களே. கொலஸ்டிரால், பாஸ்போலிப்பிடுகள், சர்க்கரை இணைந்த செரிபுரோசைடு, கந்தகமும் சேர்ந்த சல்பட்டைடு ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

இவ்வுறை கருவிலேயே தோன்றத் தொடங்கி, பிறந்தபின் முதல் இரண்டு ஆண்டுகளில் மிக வேகமாக வளர்கிறது. மூளையின் முன்பகுதியில் இருபது வயதைக் கடந்தும் வளர்ச்சி தொடர்கிறது. இதற்கிடையே அதன் சேர்மானமும் மாறுகிறது. எலிகளின் மூளையில் இளம் உறையில் லெசித்தின் மிகுந்திருந்தது. உறை முதிர முதிர லெசித்தின் குறைந்து செரிபுரோசைடு கூடியது. எனவே மூளையில் உறை எவ்வளவு உருவாகியுள்ளது என்பதை அறிய செரிபுரோசைடின் அளவையே ஆய்வாளர் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

இத்துறையில் தமிழகத்திற்கும் பங்குண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. கே. பச்சாவத்தும் அவர் குழுவினரும் சல்பட்டைடு மூளையில் உருவாகும் விதத்தையும் சிதையும் விதத்தையும் ஆராய்ந்தனர். சல்பட்டைடு தேங்கி நரம்புறை அழியும் பரம்பரை நோயொன்றில் அரைல்சல்பட்டேஸ்-ஏ என்னும் நொதி குன்றியிருப்பதை, அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினுடன் இணைந்து 1963-இல் வெளியிட்டனர்.

அந்நோய் அரிது, ஊட்டக்குறையோ பரவலானது. பால்குடிப் பருவத்தில் உணவு குறைந்த எலிக்குட்டிகளுக்கு மையலின் குறைவாகவே உருவாயிற்று. பின்னர் வயிறார உணவளித்தும் அக்குறை முழுதும் நீங்கவில்லை. இரும்புச்சத்துக் குறைவும் உறையை உருவாக்கும் உயிரணுக்களைத் தாக்குகிறது. எலியில் கண்டதைக் குழந்தைக்கு அப்படியே பொருத்த இயலாது எனினும், எச்சரிக்கை தெளிவானது.

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது கர்நாடகத்தில் அது முதலில் வந்த இடம் மைசூர் மாவட்டத்து டி. நரசீபுரம். அன்று அதே மாவட்டத்தில் இருந்த ஹனூர், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாதேஸ்வரன் மலையைச் சூழ்ந்த காட்டூர்களில் சோளகரும் பிற உழவர்களும் சிதறி வாழும் பகுதி அது. அங்கன்வாடியில் அமர்ந்து உண்பவர் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள். அவர்களினும் இளைய குழந்தைகளுக்குரிய உணவு வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. வறிய வீட்டில் அது பலருக்கும் பங்காகிவிடக் கூடும். நரம்புறை விரைந்து வளரும் வயதோ அக்குழந்தைகளின் வயதே.

ஆகவே கருவுற்ற தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் கேழ்வரகுக் கூழோடு பருப்பு, கீரை, முட்டை, சிறிது எண்ணெய் ஆகியவை காலத்தோடு சேரவேண்டும். மலைக் குடியிருப்புக்கு ஊழியர் சென்று சேர்வதும் தாயோடு பேசுவதும் உணவு வழங்குவதற்கு இணையான பணிகளாகும். பள்ளி வயதில் தொடங்கும் அக்கறை பாதி வழியில் தொடங்கும் அக்கறையே.