ஜாமீன் கையெழுத்துக்கு முன் ஒரு லாரிக் கணக்கு

(நம் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "சார், பையன் ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டான். கூட்டாளியோட சேர்ந்து ஒரு லாரி எடுத்து, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டப் போறாங்களாம். சரியா வருமா?" கேட்பவர்கள் நம் செக்யூரிட்டி, நம் கார் டிரைவர், சில சமயம் நம் சொந்தக்காரர்.

ஆசை வருவதில் வியப்பில்லை. தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிச்சலின் டயர் ஆலை இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் கொல்கத்தா வரை ஓடும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. லாரியைப் பார்க்காமல் ஒரு நாளும் நமக்குப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் கடைசியில் வந்து நிற்பது நம் வீட்டு வாசலில்தான், ஜாமீன் கேட்டு. அதனால் இது நம் எல்லோருடைய கணக்கும்கூட.

முதலில் லீஸ், லோன் என்ற இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். லோனில் டியூ முடிந்தால் வண்டி நமக்குச் சொந்தம். ஆர்.சி.யில் உள்ள ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரைப் படிவம் 35 கொடுத்து நீக்கிவிடலாம். லீஸ் என்பது குத்தகை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, எத்தனை வருடம் கட்டினாலும் வண்டி நம்முடையது ஆகாது. ஆனால் பொறுப்பு மட்டும் வந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவைப் பாருங்கள். குத்தகை ஒப்பந்தத்தில் வண்டியைக் கையில் வைத்திருப்பவரையே அது 'உரிமையாளர்' என்கிறது. இன்சூரன்ஸ் காலாவதியான நாளில் விபத்து நடந்தால், நஷ்ட ஈடு அவர் தலையில்தான் விழும்.

அடுத்தது வட்டி. "எட்டு பர்சென்ட்தான் சார்" என்பார்கள். அது ஃபிளாட்டா, குறையும் பாக்கிக்கா என்று கேளுங்கள். 30 லட்சம் ரூபாய், 5 வருடம், 8 சதவீத ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12 லட்சம், மாத டியூ 70,000 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி கடைசி வரை முழு 30 லட்சத்துக்குத்தான் போடப்படுகிறது. வங்கி முறையில் கணக்கிட்டால் இது 14 சதவீதத்துக்கும் மேல். அதே 30 லட்சத்துக்கு, குறையும் பாக்கியில் 12 சதவீதம் என்றால் டியூ சுமார் 66,700 ரூபாய். கேட்க 12 பெரிதாகத் தெரியும். கட்ட 8 தான் பெரிது.

இப்போது இரண்டு டிரைவர் விஷயத்துக்கு வருவோம். தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதி 2018-இல் நீக்கப்பட்டது. இனி அது நாமே லாபம் பார்த்துச் செய்ய வேண்டிய முடிவு. இங்கிருந்து கொல்கத்தா 1,600 கிலோமீட்டர் என்று வையுங்கள். மணிக்குச் சராசரி 45 கிலோமீட்டர், ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 360 கிலோமீட்டர். போய்ச் சேர ஐந்து நாள். இருவர் மாறி மாறி ஓட்டினால் 720. மூன்றாம் நாளே சேர்ந்துவிடலாம். காத்திருப்பே இல்லாவிட்டால் மாதத்தில் ஒருவருக்கு மூன்று நடை, இருவருக்கு ஐந்து நடை. கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் லோடு இறக்கவும், ரிட்டர்ன் லோடு கிடைக்கவும் இரண்டு முனையிலும் ஐந்தைந்து நாள் வண்டி நின்றால்? ஒருவருக்கு ஒன்றரை நடை. இருவருக்கு இரண்டுகூட முழுதாக வராது. அந்த அரை நடை வாடகையில் டீசல், டோல் போக மிஞ்சுவதுதான் இரண்டாவது ஆளின் மாத வருமானம். அதில் ஒரு குடும்பம் ஓடுமா? ஆகவே ஜோடி டிரைவர் முறை, நேரத்துக்குச் சேர வேண்டிய சரக்கும், திரும்பி வர உறுதியான லோடும் உள்ளவர்களுக்கே கட்டுபடியாகும். புதிதாக வருபவருக்கு இரண்டுமே கையில் இருக்காது. புக்கிங் ஆபீஸில் பழக்கம் ஏற்படவே காலம் பிடிக்கும். டியூ தேதி அதற்காகக் காத்திருக்காது.

கூட்டாளி விஷயமும் உண்டு. கடன் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டால் ஆளுக்குப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். ஒருவருக்குக் கல்யாணம் ஆகி ஊரோடு இருக்க நினைத்தாலும், முதுகு வலி வந்து படுத்தாலும், மற்றவர் தனியாக ஓட்டி முழு டியூவும் கட்ட வேண்டும். நட்பு இருக்கும்போதே முதலீடு, பங்கு, விலகும் முறை மூன்றையும் எழுதிக்கொள்வது நல்லது.

அப்படியானால் லாரித் தொழிலே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஸ்டியரிங் பிடித்தே முதலாளி ஆனவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது வரிசையை. முதல் இரண்டு வருடம் அதே கூட்டாளியோடு வேறொருவர் லாரியில் சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் ஜோடியாக ஓட்டட்டும். ரூட், டீசல் கணக்கு, புக்கிங் ஆபீஸ் பழக்கம் எல்லாம் முதலாளி செலவில் கிடைக்கும். ஒரே கேபினில் இருவருக்கும் ஒத்துப்போகிறதா என்பதும் தெரிந்துவிடும். பிறகு சேமிப்பை முன்பணமாகப் போட்டு ஒரு பழைய வண்டி வாங்கலாம். 8 வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாத டியூ தனியாகக் கையில் இல்லாமல் எந்த வண்டியும் எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஜாமீன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. "சும்மா ஒரு கையெழுத்து" என்று ஒன்று கிடையாது. டியூ தவறினால் நம் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளை நம் பிள்ளையின் படிப்புக் கடனுக்குப் போய் நிற்கும்போது அது தெரியவரும். ஆகவே உதவ நினைத்தால், கேட்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். லோடு கொடுப்பவர் யார்? திரும்பி வர லோடு உண்டா? இரண்டு மாதம் வண்டி நின்றால் டியூ எங்கிருந்து வரும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால், "இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வாப்பா, அப்போது பார்க்கலாம்" என்று சொல்வதே அந்தப் பையனுக்குச் செய்யும் உதவி.

யாரிடமாவது ஒப்பந்தத் தாள் வந்தால், கையெழுத்துக்கு முன் அதை என்னிடம் கொண்டு வாருங்கள். ஃபிளாட் வட்டியைப் பிரித்து எழுதித் தருகிறேன். கால்குலேட்டரும் நேரமும் என்னிடம் இருக்கின்றன.