கள்ளக் கணக்கை வெளியே சொல்லும் முன் (பீடோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உள்ளே வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "சார், எங்கள் முதலாளி அரசாங்கத்துக்கே கள்ளக் கணக்கு காட்டுகிறார். நான் கேஸ் போட்டால் எனக்குப் பங்கு வருமா?" அமெரிக்காவில் வரும். அங்கே 1863-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. மீட்ட பணத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை வழக்குப் போட்டவருக்குக் கிடைக்கலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை. நீங்கள் தகவல் கொடுப்பவர், பிறகு சாட்சி. வழக்கைத் தொடுப்பது அரசாங்க வழக்கறிஞர். வெகுமதி கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள்.

நமக்கு இருப்பது 2010-ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம். உங்கள் பெயர் இரகசியமாக இருக்கும், உங்கள் மீது வழக்குப் போட முடியாது, உங்களையோ குடும்பத்தையோ பழிவாங்கக்கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாரிடம் சொன்னீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கெமாஸ் மாட்டுப் பண்ணை விவகாரம் நினைவிருக்கிறதா? அரசாங்கம் 250 மில்லியன் வெள்ளி கடன் கொடுத்த திட்டம். அதன் வங்கிக் கணக்கு விவரங்களை 2012-ல் ரபிசி ரம்லி பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். அவர் மீதும், ஒரு வங்கிக் கிராணி மீதும் வங்கி இரகசியச் சட்டத்தில் குற்றம் சாட்டினார்கள். 2018 பிப்ரவரியில் ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் இருவருக்கும் 30 மாதச் சிறை விதித்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆறு ஆண்டு! ரபிசி பிறகு அமைச்சரானார். அந்தக் கிராணியின் பெயரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் காப்பது ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ், சுங்கத்துறை போன்ற அமலாக்க நிறுவனத்திடம் சொன்னவரை மட்டும்தான். பத்திரிகை, ஒய்.பி., பேஸ்புக் எல்லாம் இதில் சேராது. புகார் கொடுத்த பிறகு கோப்பிக் கடையில் அதைப் பேசினாலும் ஆபத்து: 50,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நீங்களும் அந்தத் தில்லுமுல்லில் கை வைத்திருந்தால், அல்லது வேலை போகும் என்று பயந்து புகார் கொடுத்திருந்தால், பாதுகாப்பை ரத்து செய்யவும் இடம் உண்டு. சட்டம் 2025-ல் திருத்தப்பட்டிருக்கிறது. பழைய துண்டறிக்கையை வைத்துக்கொண்டு போகாதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களா? 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அழுதுகொண்டு மூன்றாவது மாதம் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொந்தச் சம்பளத்தில் இபிஎப் பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் இவ்வளவு சுற்ற வேண்டாம். சம்பளச் சீட்டோடு நேராக இபிஎப் அலுவலகம் போங்கள்.

இப்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதி, எந்த லோரி, எத்தனை டன் குலை, கணக்கில் எழுதியது எத்தனை? அன்றன்றைக்கே எழுதுங்கள், வீட்டில் வையுங்கள். கம்பெனி பைலைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்தத் தம்பி இன்னும் இருக்கிறாரா? கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், தனியாக.