மலையில் நம் பிள்ளைகளும் கால்பந்துப் போட்டிகளும்: ஏஐ சொல்லும் தேதியை நம்பலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் பலர் கால்பந்து ஆடுகிறார்கள். எங்கே போட்டி, எந்த வயதுக்கு, பெயர் கொடுக்கக் கடைசித் தேதி என்ன என்று இப்போது செல்போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. கேட்கலாம், தவறில்லை. ஆனால் அது எங்கிருந்து பதில் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

ஏஐ என்பது ஒரு குறிப்பிட்ட நாள் வரை இருந்த எழுத்துகளைப் படித்துப் பழகியது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டால் நன்றாகவே சொல்லும். இந்த வருடம் முதலமைச்சர் கோப்பைக்குப் பதிவு எப்போது முடிகிறது என்று கேட்டால், போன வருடத் தேதியையே இந்த வருடத் தேதி போலச் சொல்லிவிடக்கூடும். அதுவும் தயங்காமல் சொல்லும்.

வங்கியில் எவ்வளவு பழகிய வாடிக்கையாளர் வந்து கேட்டாலும், கணக்கில் இவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் மனதிலிருந்து சொல்வதில்லை. லெட்ஜரைத் திறந்து பார்த்துத்தான் சொல்வோம். ஏஐக்கும் அப்படி ஒரு லெட்ஜர் வேண்டும். அதைத்தான் தேடு கருவி என்கிறார்கள்.

அமெரிக்காவில் சாக்கர் என்று சொல்லும் கால்பந்தில், சிறுவர் லீக் நிகழ்ச்சிகளைத் தேடித் தர இப்படிக் கருவி செய்யலாம். வயது, ஊர், நாள் மூன்றையும் ஏஐ கேட்டு வாங்கி, கருவியிடம் கொடுக்கும். கருவி பதிவேட்டைப் பார்த்து, போட்டியின் பெயர், மைதானம், தேதி, நடத்துபவர் யார் என்று எடுத்துத் தரும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்று ஒரு பொது முறையை வெளியிட்டது. எந்த ஏஐயும் எந்தக் கருவியிடமும் ஒரே விதமாகக் கேட்க அது உதவுகிறது. எந்த வங்கியாக இருந்தாலும் ஐஎஃப்எஸ்சி 11 எழுத்தில் ஒரே அமைப்பில் இருப்பதால்தானே பணம் சரியாகப் போய்ச் சேருகிறது? அது போலத்தான் இதுவும்.

நம் நாட்டில் போட்டிகளுக்குக் குறைவில்லை. பள்ளி அணிகளுக்கான சுப்ரதோ கோப்பை 1960 முதல் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்காக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018-ல் கோல்டன் பேபி லீக் ஆரம்பித்தது. முதலமைச்சர் கோப்பையிலும் கால்பந்து உண்டு. ஆனால் ஒவ்வொரு அறிவிப்பும் ஒவ்வொரு இடத்தில் கிடக்கிறது. பாதி அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் வரும் போஸ்டர் படங்கள். அடுத்த வாரம் தேடினால் நமக்கே கிடைப்பதில்லை, கருவிக்கு எப்படிக் கிடைக்கும்?

தேவனூர் நாட்டில் இருக்கும் நமக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தேதி தவறாக இருந்தால் நாமக்கல்லில் இருக்கும் பிள்ளைக்கு அரை மணி நேரம்தான் வீண். நம் பிள்ளை 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்த் திரும்ப வேண்டும். கூடப் போகும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் வயது வரம்பு. 17 வயதுக்கு உட்பட்ட பிரிவில் கடைசி வருடம் இருக்கும் பிள்ளை இந்த முறை தவறவிட்டால், அடுத்த வருடம் அந்தப் பிரிவே அவனுக்குக் கிடையாது.

ஆகவே பெற்றோர் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, இந்தத் தேதியை எங்கே பார்த்தாய் என்று ஏஐயைக் கேளுங்கள்; அது காட்டும் அறிவிப்பைத் திறந்து வருடத்தைப் பாருங்கள். இரண்டு, "பதிவேட்டில் இல்லை" என்று பதில் வந்தால் போட்டியே இல்லை என்று அர்த்தம் இல்லை. யாரும் ஏற்றாமல் விட்டிருக்கலாம். மூன்று, போட்டியைத் தேட வயதும் ஊரும் போதும். பிள்ளையின் பெயர், ஆதார், போட்டோ எதுவும் தேவையில்லை. 2023-ஆம் வருட தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறது. அவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

சங்கத்துக்கு என் யோசனை ஒன்று. நம் இணையப் பக்கத்தில் ஒரே ஒரு அட்டவணை வைப்போம். போட்டி, வயதுப் பிரிவு, இடம், ஆட்ட நாள், பதிவின் கடைசி நாள், நடத்துபவரின் தொலைபேசி, நாம் கடைசியாகச் சரிபார்த்த நாள் என்று ஏழு கட்டம் போதும். படமாகப் போடாமல் எழுத்தாகப் போட வேண்டும். 05-06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கக் கணக்கில் மே 6. அதனால் மாதத்தைப் பெயராகவே எழுதுவோம். போட்டி தள்ளிப்போனால் புது வரி போடாமல் அதே வரியில் திருத்துவோம். வாரம் ஒரு வீட்டார் பொறுப்பு எடுத்துக்கொண்டால் யாருக்கும் சுமை இல்லை. அப்படி இருந்தால் ஏஐயும் படிக்கும், கண்ணாடி போட்ட தாத்தாவும் படிப்பார்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பதிவேட்டில் ஏற்றாததை அதனால் எடுத்துத் தர முடியாது. பஸ் ஏறுவதற்கு முன் நடத்துபவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.