மயிலிறகு ஏற்றிய வண்டி

நடுவர் அவர்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! தொலைக்காட்சிக்கு முன்னால் காபித் தம்ளரோடு அமர்ந்திருக்கும் பெருமக்களே!

தொழிலில் நம்மை நிலைக்க வைப்பது புதுச் சரக்கா, கைவந்த சரக்கா? எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார்: "ஊரே ஓடும்போது நீங்க மட்டும் நின்னா மிதிபட்டுப் போவீங்க!" ஐயா, ஊர் எதுக்கு ஓடுதுன்னு ஒருத்தராவது கேட்க வேண்டாமா? (சிரிப்பு)

எங்க வீட்டுக் கதையையே சொல்றேன். என் அக்காள் கணவர் ஈரோட்டுப் பக்கம் விவசாயி. ஆறு எருமை வைத்திருந்தார். விடிகாலையில் பால் சொசைட்டியில் முதல் ஆளாக நிற்பார். 2011இல் அவரையும் ஈமுக்கோழி மோகம் பிடித்தது. குஞ்சு தர்றோம், தீவனம் தர்றோம், மாசாமாசம் பணமும் தர்றோம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. நான் கேட்டேன்: "மச்சான், இந்தக் கறியை யாரு வாங்குறா?" அவர் சொன்னார்: "மாப்பிள்ளை, நீங்க தமிழ் வாத்தியார். உங்களுக்கு வியாபாரம் புரியாது!" (சிரிப்பு)

ஐந்து எருமையை விற்றார். ஆறாவது எருமையின் கயிற்றை அக்கா விடவே இல்லை. 2012இல் அந்த நிறுவனம் கதவைச் சாத்தியது. கைவிடப்பட்ட ஈமுக்களுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டி வந்தது. அந்த வருஷம் அக்கா மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியது எது தெரியுமா? அந்த ஒத்தை எருமை! (கைதட்டல்)

"அது மோசடி; அதுக்குப் புதுமை மேல ஏன் பழி போடுறீங்க?" என்று எதிரணி கேட்கும். சரி, மோசடியே இல்லாத இடத்துக்குப் போவோம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சிற்றூர். 1932இல் அங்கே ஒரு தச்சர் தொடங்கியதுதான் லெகோ நிறுவனம். 1958இல் அவர்கள் காப்புரிமை பெற்ற பிளாஸ்டிக் கட்டை, இன்றைய கட்டையோடும் கச்சிதமாகப் பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள கட்டைகள் ஆறே ஆறு இருந்தால், 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் அடுக்கலாம்!

அப்படிப்பட்டவர்களுக்கே பயம் வந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்களே என்று வீடியோ கேம், உடுப்பு, கைக்கடிகாரம், கேளிக்கைப் பூங்கா என்று கிளை கிளையாகப் பரப்பினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல யோசனைதான். ஆனால் 2003இல் பெரும் நஷ்டம். கம்பெனியே போய்விடும் என்ற நிலை.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தாரே! ஏற்றுவது மயிலிறகே ஆனாலும், அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்று அதிலேதான் எச்சரிக்கிறார். இரும்பை ஏற்றும்போது எவனும் எடை பார்ப்பான். இறகை ஏற்றும்போதுதான் ஏமாந்து போகிறோம்! (பலத்த கைதட்டல்)

லெகோ எப்படி மீண்டது? 2004இல் 35 வயது இளைஞர் நுட்ஸ்டார்ப் தலைமைக்கு வந்தார். பூங்காக்களின் பெரும் பங்கை 2005இல் விற்றார்கள். 13,000ஐ நெருங்கியிருந்த உதிரி வகைகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். கட்டைக்கே திரும்பினார்கள்.

அப்படியானால் புதுமையே வேண்டாமா? வேண்டும். அதே லெகோ 1999இல் ஸ்டார் வார்ஸ் படத்தை எடுத்துக்கொண்டது. அது நன்றாக விற்றது. ஏன்? அந்தப் புதுமை கட்டைக்குள்ளே வந்தது; கட்டையை விட்டு ஓடவில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, கடைவாசலில் புதுச் சரக்கு வந்து இறங்கும்போது வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இது என் கைத்தொழிலை வளர்க்குமா, மறக்கடிக்குமா?" வளர்க்கும் என்றால் வரவேற்கட்டும். மறக்கடிக்கும் என்றால், எங்க அக்கா மாதிரி கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்களும் எங்கள் பக்கமே கயிற்றைப் பிடியுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)