கணக்கு வைத்திருப்பவர் கையில்தான் தண்ணீர்



‘தண்ணீரும் கைப்பேசியும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர் அதை எடுத்துப் பார்த்துவிடுவீர்கள்! ஆகவே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், அங்கே ஊர் விதிகளைக் கல்லில் எழுதி வைத்தார்கள். ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம். குடவோலை எடுத்து ஆள் தேர்வு. பதவிக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவன் உறவினரும் வர முடியாது! ஏரியைத் தூர்வாரத் தெரிந்தால் மட்டும் போதாது, கணக்கும் காட்ட வேண்டும் என்று நினைத்த சமுதாயம் நம்முடையது.

நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி இந்த மலேசிய மண்ணுக்கு வந்தபோது, கணக்குக் கேட்கும் அந்த உரிமை அவர்களோடு வரவில்லை. தோட்டத்தில் தண்ணீர் நிர்வாகத்தின் கையில் இருந்தது. தொழிலாளர் லயத்துக்குக் குழாய் எத்தனை, எந்த நேரம் திறப்பது என்பதெல்லாம் ஆபீசில் முடிவானது. குழாயில் காற்று வந்தால் கங்காணியிடம் சொன்னோம். அவர் எழுத்தரான கிராணியிடம் சொன்னார், கிராணி துரையிடம் சொன்னார். சொன்ன சொல் எந்தப் படியில் நின்றுபோனது என்று கேட்க நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டு உண்டா? முதலாளி தரும் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் நம் பக்கம். ஆனால் தண்ணீர் எத்தனை நாள் வரவில்லை என்று காட்டும் சான்று நம் கையில் இருந்ததில்லை.

இன்று அந்தச் சான்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பழைய கைப்பேசி போதும். தேதியும் நேரமும் பதிந்த ஒரு படத்தை, ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லையே’ என்று சொல்லி யாரும் தள்ளிவிட முடியாது.

நம் நாட்டில் சுத்திகரித்துக் குழாயில் விடுகிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானக் கணக்கில் சேராமலே போகிறது. பெரும்பகுதி பழைய குழாய்களின் கசிவு. 2014 பிப்ரவரி நினைவிருக்கிறதா? வறட்சியில் நம் நெகிரி செம்பிலான் மாநிலம் தண்ணீர் நெருக்கடியை அறிவித்தது. பக்கத்துச் சிலாங்கூரில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் சாலையோரம் ஒழுகுகிற ஒவ்வொரு லிட்டரும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியது.

உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் பிடியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டருக்கு உள்பக்கம் கசிந்தால் செலவு உங்களுடையது. மீட்டருக்கு வெளியே தரையில் ஈரம் கண்டால் அது நீர் நிறுவனத்தின் வேலை. நம் மாநில நீர் நிறுவனமான ‘சாய்ன்ஸ்’க்குப் படத்தோடு தெரிவியுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ‘ஸ்பான்’ இருக்கிறது. அங்கே போகும்போது அந்தப் புகார் எண்தான் உங்களுக்காகப் பேசும்.

கைப்பேசி இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது! அதையும் சொல்லித்தான் தீர வேண்டும்.

கென்யாவில் கியூசோ என்ற வறண்ட வட்டாரம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அங்கே கைப்பம்புகளின் பிடிக்குள் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். பிடி எத்தனை முறை அசைகிறது என்பதை அது குறுஞ்செய்தியாக அனுப்பும். அசைவு நின்றால் பம்பு பழுது. முன்பு பழுது பார்க்கச் சராசரி 27 நாள் ஆனது, பிறகு மூன்று நாளுக்குள் முடிந்தது. ஏன்? செய்தி வந்ததும் கிளம்பிப் போகப் பழுதுபார்க்கும் ஆட்களை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இன்னொரு கதை கர்நாடகத்தில். ஹூப்ளி, தார்வாட் நகரங்களில் ‘நெக்ஸ்ட்டிராப்’ என்ற நிறுவனம், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பியது. நல்ல யோசனை. அதையே பெங்களூரில் செய்தபோது ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்தார்கள். மக்களின் மனக்கவலை கொஞ்சம் குறைந்தது, ஆனால் தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. வால்வு திறக்கும் ஊழியர்கள் தகவலை ஒழுங்காகச் சொல்லவில்லை. சொல்வதால் அவர்களுக்கு என்ன லாபம்? வந்த செய்தியும் வீட்டில் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்ணுக்கு எப்போதும் போய்ச் சேரவில்லை. ஆகவே தாய்மார்களே, நாம் குழு அமைத்தால் முதலில் சேர வேண்டியது உங்கள் எண்.

நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் மந்தின், நீலாய் பக்கத்து ஓடைகள் லங்காட் படுகையைச் சேர்ந்தவை. நம் சாக்கடையில் விழுவது கீழே இருக்கிற சிலாங்கூர்க்காரரின் குடிநீரில் போய்ச் சேரும். 2020 செப்டம்பரில் சிலாங்கூரின் கோங் ஆறு மாசுபட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே செமினி ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் துர்நாற்றத்தால் மூடப்பட்டது; அப்போது எல்லார் பார்வையும் நீலாய்ப் பக்கம் திரும்பியது. இரவில் ஒரு லாரி ஓடைப் பக்கம் நின்று எதையோ கொட்டினால், அதை அதிகாரிகளுக்கு முன்பே பார்ப்பவர் யார்? பக்கத்தில் குடியிருக்கும் நாம்தான். கிட்டே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். தூரத்திலிருந்து படம், இடம், நேரம். சுற்றுச்சூழல் துறைக்கு உடனே அனுப்புங்கள்.

கண்டதைப் பதிவதோடு நாமே அளக்கவும் முடியும். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கிராமத்து விவசாயிகளே கிணற்றில் நாடா விட்டு வாரந்தோறும் நீர்மட்டம் அளந்தார்கள். ‘மார்வி’ என்ற திட்டம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அளந்ததைக் கைப்பேசியில் பதிந்தார்கள். நிலத்தடி நீர் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் எந்தப் பயிர் வைப்பது என்று ஊரார் உட்கார்ந்து பேச முடிந்தது. அளந்தவன் ஊர்க்காரன் என்பதால் ஊரும் நம்பியது.

நாமும் செய்யலாம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தாமான் குடியிருப்புக்கும் தண்ணீருக்கென்றே ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு வையுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு அங்கே இடமில்லை! ‘தண்ணீரில் விஷமாம்’ என்று யாரோ அனுப்பியதை மேலும் அனுப்பும் வேலையும் வேண்டாம். நேரில் கண்டது மட்டும் வரட்டும்: இடம், தேதி, படம், புகார் எண். பாலத்துத் தூணில் அடையாளக் கோடு போட்டு, மழை நாளில் ஓடை எவ்வளவு ஏறுகிறது என்று பிள்ளைகள் பதியட்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறை பெரிய ஆறுகளின் மட்டத்தை இணையத்தில் காட்டுகிறது. உங்கள் வீட்டுப் பின்புற ஓடையை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்தில் அந்தக் கணக்கைச் சத்தமாகப் படியுங்கள். எத்தனை புகார் போனது, எத்தனை தீர்ந்தது, எது யார் மேசையில் கிடக்கிறது என்று ஊரறியட்டும். கேள்வி கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் பதில் தானாக வரும்.

குழுவில் சேரப் பெயர் கொடுக்க வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். இன்று இரவே மீட்டரைப் படம் பிடியுங்கள்.